டை கட்டிய முதல் ஆண்டு: தோட்டப் பட்டண ஹாஸ்டலில் மாணவத் தலைவராகிறவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா மாதிரியான பட்டணங்களில் ஹாஸ்டல் பிள்ளைகளில் நம்மவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். எல்பில், ஹீவுட், டோவன்பி என்று பெயர் மாறும், கதை ஒன்றுதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி, பஸ் சரியாக வராததால் ஹாஸ்டல். படிவம் 4 (இடைநிலைப்பள்ளியின் நான்காம் ஆண்டு) தொடங்கும்போது வார்டன் ஆபீசுக்குக் கூப்பிட்டு, "இந்த வருஷம் நீதான் பெங்காவாஸ்" (மாணவத் தலைவர்) என்று ஒரு டையும் ஒரு பேட்ஜும் கொடுப்பார். என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று பெரும்பாலும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. நான் சில காலம் வார்டனாக இருந்தவன். அந்த டையைக் கொடுக்கும் நாளில் சொல்லியிருக்கவேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: யாரையும் தண்டிக்கும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. பார்ப்பது, எழுதுவது, சொல்லவேண்டியவரிடம் சொல்வது, எதிலும் முதல் ஆளாக நிற்பது, இவ்வளவுதான் உங்கள் வேலை. ஹாஸ்டலில் மாணவத் தலைவர்களால் வந்த பெரிய வம்புகளைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் இந்தக் கோட்டைத் தாண்டிய இடத்தில்தான் தொடங்கியிருக்கும்.

டையை வாங்கும் முன் கேட்கவேண்டியவை

எந்தப் பதவி என்று தெளிவாகக் கேளுங்கள். பள்ளி பெங்காவாஸ் வேறு, ஹாஸ்டல் பெங்காவாஸ் வேறு, டோர்ம் தலைவர் வேறு. பள்ளி பெங்காவாஸ் கட்டொழுங்கு ஆசிரியருக்குக் கட்டுப்பட்டவர். மணி அடித்து வகுப்பு முடிந்ததும் அவர் வேலையும் முடிந்தது. ஹாஸ்டல் பெங்காவாஸுக்கு வேலை அப்போதுதான் தொடங்கும், அவர் வார்டனிடம் பதில் சொல்லவேண்டும். டோர்ம் தலைவருக்கு ஓர் அறைதான் பொறுப்பு. சில ஹாஸ்டல்களில் இதற்கு மேல் சுத்தம், சாப்பாட்டுக்கூடம், படிப்பு நேரம் என்று பிரிவுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எக்ஸ்கோ (பொறுப்பாளர்). இரண்டு தொப்பியை ஒரே தலையில் வைத்தால், கேட்கிற பையனுக்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம்.

பிறகு வார்டனிடம் மூன்று கேள்வி. இரவில் அவசரம் என்றால் எந்தக் கதவைத் தட்டவேண்டும்? அவர் இல்லாத இரவில் யார்? தவறு செய்தவனிடம் நான் என்ன சொல்லலாம், என்ன செய்யச் சொல்லலாம்? மூன்றாவது கேள்விக்கு, "நீயே பார்த்துக்கோ" என்று பதில் வந்தால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். "சார், அரைகுறையாய்க் கூட்டியவனைத் திரும்பக் கூட்டச் சொல்லலாமா? அதுக்கு மேல எல்லாத்தையும் உங்ககிட்டயே கொண்டுவரவா?" என்று நீங்களே எல்லையைப் போட்டுக் கேளுங்கள். நல்ல வார்டன் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். ஏனென்றால் அவர்களும் பகலில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள்தான். இரவில் எல்லா மாடிக்கும் அவர்களால் ஏற முடியாது. அந்த இடைவெளியில்தான் உங்களை நிறுத்துகிறார்கள். அங்கே நிற்கிற உங்களுக்குச் சட்டம் தெரிந்திருக்கவேண்டும்.

கோடு எங்கே இருக்கிறது

மலேசியப் பள்ளிகளில் கட்டொழுங்குக்கு அடிப்படை 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள். பிரம்படி அதில் இருக்கிறது. ஆனால் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியரோதான் அடிக்கலாம், மெல்லிய பிரம்பால், உள்ளங்கையிலோ உடைமேல் பின்புறத்திலோ மட்டும். பெண் பிள்ளைகளை அடிக்கவே கூடாது. ஆசிரியருக்கே இவ்வளவு வேலி போட்டிருக்கிறார்கள். பதினாறு வயது மாணவருக்கு அதில் இடமே இல்லை. முட்டி போட வைப்பது, நூறு புஷ்-அப், இரவு முழுக்க வராந்தாவில் நிற்க வைப்பது, சட்டையைக் கழற்றச் சொல்வது, இவற்றில் எதையும் "பயிற்சி" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பள்ளிக்கு வெளியே உள்ள சட்டம் இன்னும் கடுமையானது. கன்னத்தில் ஓர் அறை விட்டால் அது தண்டனைச் சட்டம் 323-ஆம் பிரிவின்படி வேண்டுமென்றே காயப்படுத்துதல். ஓராண்டு வரை சிறை. 2025-இல் அதே சட்டத்தில் 507பி தொடங்கிப் புதிய பிரிவுகளைச் சேர்த்து, மிரட்டுவது, அவமானப்படுத்துவது, அடுத்தவரை மனம் நொறுங்க வைப்பது எல்லாவற்றையும் குற்றமாக்கிவிட்டார்கள். பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கே இல்லாமல் போய்விடாது. நம் நாட்டில் பத்து வயதிலேயே குற்றப் பொறுப்பு தொடங்கிவிடுகிறது. "சீனியர் எனக்குச் செய்தான், நான் செய்றேன்" என்பது போலீஸ் நிலையத்தில் எடுபடாது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வதும் நல்லது. இங்கிலாந்தில் ரக்பி பள்ளிக்கு 1828 முதல் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்ட் மூத்த மாணவர்கள் கையில் பெரிய அதிகாரத்தைக் கொடுத்தார். இளையவர்களை அடக்குவதும் அடிப்பதும் அங்கே மூத்தவர்கள் கையில் இருந்தது. இளையவர்கள் மூத்தவர்களுக்கு ஏவலும் செய்தார்கள். அந்த மாதிரிப் பள்ளிகளைப் பார்த்து 1905-இல் கோலகங்சாரில் மலாய் கல்லூரி வந்தது. பிரிபெக்ட் (மாணவத் தலைவர்) வழக்கம் நம் வட்டாரத்தில் வேர்விட்டதில் அதற்குப் பெரிய பங்குண்டு. (நம் பாட்டன் பூட்டன் வெட்டிய ரப்பர் மரத்தின் முதல் கன்றுகளில் சிலவும் 1877-இல் அதே கோலகங்சாரில்தான் ஊன்றப்பட்டன. அந்தச் சின்ன ஊர் நம்மை எப்படியெல்லாம் வளைத்திருக்கிறது பாருங்கள்.) இங்கிலாந்திலேயே அந்த அடிக்கும் அதிகாரத்தையும் ஏவல் முறையையும் கைவிட்டுவிட்டார்கள். நம் ஹாஸ்டல் சீனியர்கள் சிலருக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னொரு மாதிரியும் பழக்கம்: கங்காணி. ஆட்களில் ஒருவராக இருந்து, ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து, விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு, வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று தனிக் காசு வாங்கியவர். மேலே துரைக்கு வணக்கம், கீழே சொந்தச் சனத்துக்கு உறுமல். தாத்தாமார் கங்காணியை எப்படிப் பேசுவார்கள் என்று வீட்டில் கேட்டிருப்பீர்கள். டை கட்டியதும் நீங்கள் நிற்கும் இடம் ஏறத்தாழ அதுதான்: மேலே வார்டன், கீழே உங்களோடு வளர்ந்த பிள்ளைகள். எப்படி நடந்துகொள்வது என்பது உங்கள் கையில்.

முதல் வாரம்: பெயர்கள்

விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் உங்கள் மாடியில் தூங்கும் ஒவ்வொருவரின் பெயரையும் கட்டிலையும் தெரிந்துகொள்ளுங்கள். யாருக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் எந்த லாக்கரில் இருக்கிறது, யாருக்கு வலிப்பு வரும், யார் இரவில் கட்டிலை நனைப்பான் (இதை வார்டனிடம் மட்டும் சொல்லுங்கள், காலை வெளுக்கும் முன் போர்வையை மாற்ற உதவி செய்யுங்கள், வேறு யாருக்கும் மூச்சு விடாதீர்கள்). யார் யாரோடு ஒரே தோட்டம், யார் தனியாக வந்தவன். இந்தத் தனியாக வந்தவன்தான் முதல் மாதத்தில் அதிகம் அழுவான், அதிகம் அடி வாங்குவான்.

படிவம் 1 பிள்ளைகளையும் புகுமுக வகுப்புப் (படிவம் 1-க்கு முன் மலாய் பழகும் வகுப்பு) பிள்ளைகளையும் தனியாகக் கவனியுங்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து மலாய் சரளமாக வராமல் திணறும் புகுமுக வகுப்புப் பையனுக்கு ஒலிபெருக்கியில் வருகிற அறிவிப்பு பாதி புரியாது. கூட்டத்துக்கு வராமல் போவான், கட்டொழுங்கு இல்லாதவன் என்று பெயர் வாங்குவான். ஒலிபெருக்கி நின்றதும், "எல்லாருக்கும் புரிஞ்சதா? ஏழரைக்கு சாப்பாட்டுக்கூடம் முன்னாடி, வெள்ளைச் சட்டை" என்று தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த வாரத்துத் தப்பில் பாதி குறையும். அதே அறையில் மலாய்ப் பிள்ளைகளோ அஸ்லி (பூர்வகுடி) பிள்ளைகளோ இருந்தால் மலாயில் முதலில் சொல்லுங்கள், பிறகு தமிழில். தமிழில் மட்டும் பேசிச் சிரித்துக்கொள்கிற மாணவத் தலைவரை மற்றவர்கள் நம்பமாட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நாள் எப்படி ஓடும்

காலை ஐந்தரைக்கு விளக்கு. முஸ்லிம் பிள்ளைகள் சுபோ (விடியற்காலை) தொழுகைக்கு சூராவ் (தொழுகைக்கூடம்) போவார்கள். அந்த நேரத்தில் குளியலறை காலியாக இருக்கும், நம் பிள்ளைகள் குளித்து முடிக்க அதுதான் வாய்ப்பு. இதைச் சொல்லி எழுப்பினால் எழுந்துவிடுவார்கள். "எழுந்திரி, பெயர் எழுதுவேன்" என்றால் போர்வையை இன்னும் இழுப்பார்கள். எழுப்பும்போது கட்டிலைத் தட்டுங்கள், ஆளைத் தொடாதீர்கள். தண்ணீர் தெளிக்கவே தெளிக்காதீர்கள். விளையாட்டாகத் தொடங்கும், வாளியோடு முடியும்.

சாப்பாட்டுக்கூடத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தும் மாணவத் தலைவர் கடைசியாகத்தான் தட்டு எடுக்கவேண்டும். கோழி தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சும் நாளும் வரும். அன்றைக்கு நீங்கள் குழம்போடு சாப்பிடுவதை இருபது கண்கள் பார்க்கும். இதைவிடப் பெரிய அதிகாரம் உங்களுக்கு யாரும் கொடுக்கப்போவதில்லை. மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் நம் பிள்ளைகளுக்கும், சைவம் சாப்பிடும் பிள்ளைகளுக்கும் மாற்று வேண்டும் என்பதை முந்திய நாளே வார்டன் வழியாகச் சமையல்காரருக்குத் தெரிவியுங்கள். அன்றைக்கே போய் முகம் சுளித்தால் அவர்களுக்கும் கோபம் வரும்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆண் விடுதியில் ஒரு விசித்திரமான அமைதி வரும். முஸ்லிம் மாணவர்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருப்பார்கள். சில இடங்களில் வார்டன்களும் கூடப் போயிருப்பார்கள். கட்டடத்தில் மிச்சம் நம் பையன்களும் நீங்களும்தான். சுவர் ஏறிக் கடைக்குப் போவது, பூட்டாத லாக்கரைத் திறப்பது, பழைய சண்டையைத் தீர்த்துக்கொள்வது எல்லாம் இந்த நேரத்தில்தான். எனவே வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வேலை போட்டு வையுங்கள்: துணி துவைப்பு, டோர்ம் கூட்டுதல், பிறகு ஒரு கேரம் போர்டு. அதிகப் பேரை ஒரே இடத்தில் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. ரமலான் மாதமும் இப்படித்தான். விடியற்காலை சாஹூருக்கு (நோன்புக்கு முந்திய சாப்பாடு) எழுகிறவர்களின் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளவும், பகலில் நோன்பு இருக்கும் பிள்ளை முன்னால் ரொட்டியைக் காட்டித் தின்னாமல் இருக்கவும் நம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வினையாகப் போய் முடியும் சண்டைகளில் ஒன்றிரண்டாவது இந்த ஒரு மாதத்தில் பிறக்கும்.

இரவு பிரெப்பில் (படிப்பு நேரத்தில்) நீங்கள் புத்தகம் திறந்து உட்கார்ந்தால் போதும். பேசாதே பேசாதே என்று கத்திக்கொண்டிருக்கிற மாணவத் தலைவரால்தான் அங்கே அதிகச் சத்தம்.

சாமி படம் பற்றி ஒரு வார்த்தை. லாக்கர் கதவுக்குள் முருகன் படம், சின்ன விபூதி டப்பா, இதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள். கற்பூரம், அகல், ஊதுவத்தி டோர்முக்குள் வேண்டாம். மெத்தையும் துணியும் நிறைந்த அறையில் அது தீ விபத்து, பக்தி என்று சொல்லி விட்டுவிட முடியாது. வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குப் போக அவுட்டிங் வேண்டும் என்றால் கேட்டு வாங்குங்கள்.

தப்பைக் கண்ணால் பார்த்தால்

கல்வியமைச்சின் வகைப்பாட்டில் குற்றங்கள் மூன்று படி: லேசானவை, நடுத்தரமானவை, கடுமையானவை. ஆசிரியர்கள் அதை அமைச்சின் கணினி முறையில் ஏற்றுவார்கள். பிள்ளையின் பெயரோடு அது கூடவே வரும். எந்தப் படி என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. உங்களுக்குத் தேவையானது வேறு ஒரு பிரிவு. இந்தத் தப்பை நான் பேசி முடிக்கலாமா, காலையில் சொன்னால் போதுமா, இப்போதே கதவைத் தட்டவேண்டுமா?

செருப்பு வரிசையில் இல்லை, கட்டில் மடிக்கவில்லை, விளக்கணைத்த பிறகு பேச்சு: பேசி முடியுங்கள். கைப்பேசி, சிகரெட், வேப், வெளியே போய்த் திரும்பியது: எழுதி வையுங்கள், காலையில் சொல்லுங்கள். ரத்தம், கத்தி, ஒருவனைச் சுற்றி நால்வர் நிற்பது, யாரோ குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு பதில் சொல்லாமல் இருப்பது, "செத்துப்போயிடலாம்னு இருக்கு" என்று யாராவது சொல்வது: மணி எத்தனை என்று பார்க்காமல் வார்டன் கதவைத் தட்டுங்கள். அவர் எரிச்சலோடு எழுந்தாலும் சரி.

பேசும் விதம் தனிக் கலை. கைப்பேசியோடு போர்வைக்குள் இருக்கிறவனைப் பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். போனைப் பிடுங்காதீர்கள். உடைந்தால் உங்கள் அப்பா கொடுக்கவேண்டும். பிடுங்கியதும் அவன் கை ஓங்கினால், அதற்கப்புறம் அது கைப்பேசிக் குற்றமே இல்லை, கைகலப்பு. டார்ச்சை முகத்தில் அடிக்காமல் கட்டில் ஓரமாகக் குனிந்து:

"தம்பி, மணி பதினொன்றே கால். பார்த்துட்டேன். காலைல வார்டன்கிட்ட நீயே கொண்டுபோய்க் கொடு, நானும் கூட வர்றேன். நீ போகலைன்னா நான் எழுதினதை அவர்கிட்ட கொடுக்கணும்."

"அண்ணா, அம்மாவுக்கு உடம்பு முடியலண்ணா, அதான்."

"அப்படீன்னா அதையும் சேர்த்துச் சொல்லுவோம். ஆபீஸ் போன்ல பேசக் கேட்டு வாங்கித் தர்றேன்."

அவன் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம். பரவாயில்லை, நீங்கள் கொடுத்த வாக்கு பொய்யாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் உண்மையிலேயே கூடப் போங்கள். ஒருமுறை இப்படி நடந்துவிட்டால், அடுத்த முறை பாதி சண்டை இல்லை.

நாலு பேர் முன்னால் திட்டாதீர்கள். பெற்றோர் தொழில், லயம் (தோட்டத்து வரிசை வீடு), தோல் நிறம், சாதி, இவை நாக்கிலேயே வரக்கூடாது. நம் பையன்களுக்குள்ளேயே "எந்தத் தோட்டத்துக்காரன்டா நீ" என்ற கேள்வி சில நேரம் சாதியை நோண்டுவதற்காகவே வரும். அதைக் கேட்டால் அங்கேயே பேச்சை வெட்டுங்கள்.

எழுதுவது எப்படி

தனியாக ஒரு நோட்டு வையுங்கள், கொடுக்கும் லாப்போரான் (அறிக்கை) மலாயில் இருக்கட்டும். படிக்கப்போகிறவர் வார்டன், தேவைப்பட்டால் பிறகு மாணவர் நலத் துணைத்தலைமையாசிரியர். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஒரு பையனைப் பற்றி, "இவன் எப்பவும் சின்னப் பசங்களை மிரட்டுவான், குணமே சரியில்லை" என்று எழுதினால் அதை வைத்து வார்டனால் எதுவும் செய்ய முடியாது. அந்தப் பையனின் அப்பா வந்து கேட்டால் நீங்கள் திணறுவீர்கள். இப்படி எழுதினால் நிற்கும்:

"செவ்வாய் இரவு 10.40. பி கட்டடம், மேல்மாடிக் குளியலறை வாசல். படிவம் 5 மாணவர் ஒருவர் படிவம் 1 மாணவரின் துண்டைப் பிடித்துக்கொண்டு, தன் சட்டையைத் துவைத்துத் தந்தால்தான் கொடுப்பேன் என்றார். இதை என் காதால் கேட்டேன். துண்டைக் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார். அருகில் இன்னும் இருவர் இருந்தார்கள். காயம் எதுவும் பார்க்கவில்லை. படிவம் 1 மாணவரை அவர் கட்டில் வரை கூட்டிப்போய் விட்டேன்."

பெயர்களை உண்மையான தாளில் போடுவீர்கள். நேரம், இடம், கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, நீங்கள் செய்தது, கூட இருந்தவர்கள். கேள்விப்பட்டதை எழுதவேண்டியிருந்தால் "இன்னார் சொன்னார்" என்று சேர்த்து எழுதுங்கள். அன்றிரவே எழுதிவிடுங்கள், மறுநாள் மதியம் எழுதினால் உங்கள் கோபமும் சேர்ந்து எழுதும். அடிபட்ட பிள்ளையிடம் நீங்களே விசாரணை நடத்தி மூன்று முறை கதை சொல்ல வைக்காதீர்கள். அதற்குக் கவுன்சலிங் ஆசிரியர் இருக்கிறார். தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது தனிக் குற்றம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லாக்கர் சோதனை

ஸ்பாட்செக் என்றால் மாணவத் தலைவர்களுக்கு ஒரு குஷி வந்துவிடும். வார்டன் கூட இருக்கவேண்டும், லாக்கருக்குச் சொந்தக்காரன் முன்னால் நிற்கவேண்டும், அவனே திறந்து அவனே எடுத்துக் காட்டவேண்டும். நீங்கள் பட்டியல் எழுதுங்கள், கையை உள்ளே விடாதீர்கள். கை விட்டால் நாளைக்கு, "இருபது ரிங்கிட் காணோம்" என்ற புகார் உங்கள் பேரில்தான் வரும். வார்டனே, "நீங்க போய்ப் பாருங்க, நான் வர்றேன்" என்று சொன்னாலும், "சார் வர்ற வரைக்கும் கதவுகிட்ட நிக்கிறோம்" என்று நில்லுங்கள். மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

சொந்தக்காரப் பையன்

தோட்டப் பட்டண ஹாஸ்டலுக்கே உரிய தலைவலி இது. வேறு ஊர் வழிகாட்டிகளில் இதைக் காணமாட்டீர்கள். கைப்பேசியோடு பிடிபட்டவன் உங்கள் சித்தப்பா மகன். அல்லது பக்கத்து லயம். அவன் அம்மா உங்களுக்குச் சோறு போட்டவர். வார இறுதியில் வீட்டுக்குப் போனால் தண்ணீர்ப் பைப்பு பக்கத்தில் அவர் நின்றுகொண்டு, "என்னப்பா, நம்ம பையனையே காட்டிக்கொடுத்துட்டியாமே" என்பார்.

இதற்கு மருந்து முன்கூட்டியே போடவேண்டியது. முதல் வாரத்திலேயே வார்டனிடம், "இவங்க மூணு பேர் என் சொந்தக்காரங்க" என்று சொல்லி, அவர்கள் டோர்மை வேறு பெங்காவாஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பையன்களையும் தனியாகக் கூப்பிட்டு, "டேய், வெளிய நான் உனக்கு அண்ணன். இங்க உன்னை மட்டும் விட்டேன்னா மத்தவனைப் பிடிக்க எனக்கு வாய் இருக்காது. அதனால என் டூட்டில மாட்டாத" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள். அப்படியும் மாட்டினால் மற்றவர்களுக்கு எழுதும் அதே தாள்தான். வீட்டில் கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள், குற்றத்தைக் குறைத்தோ கூட்டியோ சொல்லாதீர்கள். அத்தை இரண்டு வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு சரியாகிவிடும்.

மறுபக்கமும் உண்டு. நம் பையன்களைச் சலுகை இல்லாமல் நடத்துகிறேன் என்று காட்டுவதற்காகவே அவர்களை மட்டும் கூடுதலாக விரட்டும் தமிழ் மாணவத் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற ஆசிரியர்கள் முதுகில் தட்டுவார்கள், ஆனால் அந்தப் பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள். நோட்டைப் புரட்டிப் பாருங்கள்: ஒரே இனத்துப் பெயர்களாக வரிசையாக இருந்தால், தப்பு செய்கிறவர்கள் எல்லாம் அவர்கள்தானா, அல்லது உங்கள் கண் அங்கேயே போகிறதா?

பவ், ரேகிங், எண்கள்

புதிய பிள்ளைகளின் மைலோ, மேகி, கைச்செலவுக் காசு ஆகியவற்றைச் சீனியர் "பவ்" பண்ணுவது (மிரட்டி வாங்குவது) ஹாஸ்டலின் பழைய நோய். கேட்டால், "சும்மா ஷேர் பண்ணான்" என்பார்கள். திரும்பக் கேட்கும் துணிச்சல் சின்னவனுக்கு இல்லை என்றால் அது பகிர்வு ஆகாது. விளக்கணைந்த பிறகு நடக்கும் "அறிமுக நிகழ்ச்சி"யும் அப்படித்தான். புதியவர்களை வரவேற்கவேண்டும் என்றால் மாலை ஐந்து மணிக்குத் திடலில் வரவேற்கலாம், வார்டன் பார்க்க. இருட்டில் நடத்தவேண்டிய வரவேற்பு எதுவும் இல்லை. உங்கள் செட்டுப் பையன்களே இதை நடத்துவார்கள் என்பதுதான் சங்கடம். தடுத்தால் ஒரு மாதம் உங்களோடு பேசமாட்டார்கள். பேசாமல் இருக்கட்டும்.

லாக்கர் கதவிலோ மேசையிலோ 04, 08, 36 என்ற எண்களைக் கண்டால் அதை விளையாட்டு என்று விடாதீர்கள், நீங்களே துப்பறியவும் போகாதீர்கள். 2013-இல் உள்துறை அமைச்சு சட்டவிரோதக் கும்பல்கள் என்று 49 பெயர்களை அறிவித்தபோது இந்த எண்களும் அதில் இருந்தன. நம் பையன்களைத்தான் வெளியே இருந்து ஆள் பிடிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த வருத்தம். எழுதிய பையனுக்கு அது வெறும் பந்தாவாக இருக்கலாம். பள்ளி வாசலில் அவனைப் பார்க்க வரும் மோட்டார்சைக்கிள்காரனுக்கு அப்படி இல்லை. இதை எல்லார் முன்னாலும் பேசாதீர்கள். கவுன்சலிங் ஆசிரியரையோ வார்டனையோ தனியாகப் பாருங்கள். உங்கள் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும்படி கேளுங்கள்.

வார்டனிடம் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது வார்டனே பிரச்சினை என்றால்? துணைத்தலைமையாசிரியர், தலைமையாசிரியர், உங்கள் பெற்றோர் என்று ஏறுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி, 15999. இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள். இந்த எண்ணை உங்கள் மாடிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள், உங்களைப் பற்றியே புகார் செய்யவேண்டி வந்தாலும் அவர்கள் கையில் இருக்கட்டும்.

பெண் விடுதி

மேலே சொன்னதெல்லாம் பெண் பிள்ளைகளுக்கும் பொருந்தும்; ஆனால் அங்கே அடி குறைவு, ஒதுக்கிவைப்பது அதிகம். சாப்பாட்டு மேசையில் ஒரு பிள்ளை பக்கத்தில் மட்டும் யாரும் உட்காராமல் இருப்பதை மூன்று நாள் தொடர்ந்து பார்த்தால் அதுவும் நோட்டில் ஏறவேண்டிய சம்பவம். மாணவத் தலைவி அன்றைக்குத் தன் தட்டை அங்கே கொண்டுபோய் வைத்து உட்காரட்டும், பேச்சு எதுவும் தேவையில்லை. சானிட்டரி பேட் தீர்ந்துபோய்க் கேட்க வெட்கப்படுகிற படிவம் 1 பிள்ளைக்காக ஒரு பாக்கெட் உங்கள் லாக்கரில் எப்போதும் இருக்கட்டும்.

உங்கள் படிப்பு

மாணவத் தலைவர் பதவிக்குப் புறப்பாட (படிப்புக்கு வெளியே உள்ள நடவடிக்கைகளுக்கான) மதிப்பெண் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடம் நூற்றுக்குப் பத்து. மீதித் தொண்ணூறு உங்கள் தேர்வு மதிப்பெண்தான், அதை நினைவில் வையுங்கள். பிரெப் நேரத்தில் யாராவது உங்களை அழைத்துக்கொண்டே இருந்தால் டூட்டி அட்டவணையைக் காட்டுங்கள்: இன்று இன்னார், நாளை நான். எல்லாவற்றையும் ஒரே ஆள் இழுத்துப் போட்டுக்கொள்வதால்தான் பல நல்ல மாணவத் தலைவர்கள் எஸ்.பி.எம் (படிவம் 5 முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வு) ஆண்டில் சோர்ந்து விழுகிறார்கள். கணக்கு வராதவர் தன் மாடியிலேயே கணக்கு வரும் ஒரு படிவம் 5 பையனைப் பிடித்து வாரம் ஒருநாள் உட்காரலாம். தலைவர் அடுத்தவரிடம் பாடம் கேட்பதைச் சின்னப் பிள்ளைகள் பார்ப்பதில் தவறில்லை.

ஒப்படைக்கும்போது

படிவம் 5-இல் எஸ்.பி.எம் நெருங்கும்போது பொறுப்பைப் படிவம் 4-க்கு மாற்றுவார்கள். சாவிகளை எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஓடாத விசிறி, ஒழுகும் குழாய், பூட்டு உடைந்த லாக்கர் எவை என்று ஒரு பட்டியலைப் புதியவர்களுக்குக் கொடுங்கள். எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, எந்தப் பிள்ளைக்கு இரவில் பயம் என்பதை வாயால் சொல்லுங்கள். அந்த நோட்டை மட்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் பெயர்களில் பலர் திருந்தியிருப்பார்கள். புதிய பெங்காவாஸ் அதைப் படித்தால் முதல் நாளிலிருந்தே அவர்களைக் குற்றவாளியாகப் பார்ப்பார். நோட்டை வார்டன் மேசையில் வைத்துவிட்டு, "சார், இதை நீங்களே வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.